பெரிய டாட்டூ ஆறும்போது என்ன பிழை வரும், என்ன செய்யலாம்: திருகோணமலை வெக்கைக்கும் கடலுக்கும் ஏற்ற வழிமுறை

முதுகு முழுக்கவோ, தோளிலிருந்து மணிக்கட்டு வரையோ டாட்டூ குத்துவது என்றால் பெரிய சிராய்ப்புக் காயம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்றுதான் அர்த்தம். ஊசி மேல்தோலைக் கடந்து 1 முதல் 2 மில்லிமீற்றர் ஆழத்தில் மையை விடுகிறது. மேல்தோல் மூட இரண்டு மூன்று கிழமை போகும். உள்தோல் முழுதாக அடங்க இரண்டு மூன்று மாதம் வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் பராமரிப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. அங்கே தோல் காய்ந்து வெடிப்பதுதான் கவலை. இங்கே நிலைமை தலைகீழ். கச்சான் வீசும் மாதங்களில் வியர்வை, வாடை மாதங்களில் காயாத உடுப்பு, வருடம் முழுக்கக் கூப்பிடு தூரத்தில் கடல். திருகோணமலையில் டாட்டூ கெடுவது பெரும்பாலும் ஈரத்தால்தான், அந்த ஈரத்தில் பாதி நாமே அப்பிக்கொள்ளும் கிறீம்.

கீழே உள்ளவற்றைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். இன்று எத்தனையாவது நாள்? நேற்றை விடக் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? 2ஆம் நாள் சிவந்து வீங்கியிருப்பது வழமை. அதே சிவப்பு 5ஆம் நாள் கூடினால் வழமையல்ல. குத்திய திகதியையும் நேரத்தையும் போனில் குறித்து, ஒரே வெளிச்சத்தில் தினமும் ஒரு படம் எடுங்கள். கண்ணாடியில் பார்த்து ஊகிப்பதை விட அந்தப் படங்கள் நம்பகமானவை.

மற்றதைப் படிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவை

டாட்டூவிலிருந்து இதயப் பக்கமாக ஓடும் சிவப்புக் கோடு. 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சலோடு நடுக்கம். சீழ் வடிந்து மணப்பது. பார்வைக்குத் தெரியும் காயத்தோடு பொருந்தாத கடும் வலி. ஊதா நிறத்தில் அல்லது இரத்தம் கலந்து எழும் கொப்புளம். முகம், உதடு வீங்கி மூச்சு இழுப்பது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் இறுகி வீங்கி, நெஞ்சு நோவோ மூச்சுத்திணறலோ சேர்வது. இதில் எது வந்தாலும் பொது வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. எப்போது குத்தியது, கடலில் இறங்கினீர்களா, என்ன பூசினீர்கள் என்ற மூன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

குத்துவதற்கு முன்பே தெரியும் சிக்கல்கள்

தோல் வெயிலில் கருகி உரிகிறது, அல்லது முதுகில் வியர்க்குரு, படை, பருக்கள் இருக்கின்றன என்றால் நாளைத் தள்ளிப் போடுங்கள். கருகிய தோல் மையைச் சீராக வாங்காது, இரத்தமும் கூட வரும். முழுதாக ஆறி இரண்டு கிழமை கழித்துப் போவது நல்லது. படைக்கு மேலே குத்தினால் பங்கசு டாட்டூ முழுக்கப் பரவும்.

நீரிழிவு உள்ளவர்கள் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே பெரிய வேலையைத் தொடங்கவேண்டும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக்கூடாது, எழுதிக்கொடுத்த டொக்டரைக் கேட்டபிறகே எதுவும். அதே நேரம் தலையிடிக்கென்று டிஸ்பிரின் போடும் பழக்கம் இருந்தால் ஒரு கிழமைக்கு முன்பே விட்டுவிடலாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினொயின் எடுப்பவர்களைப் பொதுவாக ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ தடித்து, அளவை மீறி வளர்ந்திருந்தால் உங்களுடையது கீலொய்ட் வரும் உடம்பு. நெஞ்சின் நடுப்பகுதியும் தோளும் அதற்குப் பேர்போன இடங்கள். அங்கே பெரிய டாட்டூ வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

மஞ்சட்காமாலை பி (ஹெப்படைட்டிஸ் பி) தடுப்பூசி இலங்கையின் குழந்தைகளுக்கான அட்டவணையில் சேர்ந்தது 2003இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் தனியாகப் போட்டிருந்தால் தவிர, போட்டிருக்கமாட்டார்கள். மூன்று ஊசி, 0, 1, 6 என்ற மாதக்கணக்கில். பெரிய டாட்டூ எப்படியும் பல மாதத் திட்டம் என்பதால் இதையும் அதோடு சேர்த்துத் திட்டமிடலாம். ஏற்பு ஊசி கடைசியாகப் போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் அதையும் கேளுங்கள்.

நோகாமல் இருக்க மரப்புக் கிறீம் வாங்கிப் பூசி, பொலித்தீன் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் கூடிவருகிறார்கள். கையளவு இடத்துக்குச் செய்வது வேறு, முதுகு முழுக்கச் செய்வது வேறு. அதிலுள்ள லிடோகெயின் பெரிய பரப்பில், மூடிய நிலையில், அளவுக்கு மிஞ்சி இரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பு குழம்பும், வலிப்பும் வரலாம். அதிகச் செறிவுள்ள இப்படியான கிறீம்களைப் பற்றி 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கையே விட்டது. பூசியபிறகு வாயைச் சுற்றி மரத்தால், காது இரைந்தால், தலை சுற்றினால், உடனே துடைத்துக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆர்ட்டிஸ்ட்டுக்குச் சொல்லாமல் பூசவே கூடாது.

மாதத்தைத் தெரிவு செய்வதும் ஆயத்தத்தில் ஒரு பகுதி. மழை ஓய்ந்து வெக்கை ஏறுவதற்கு முந்திய தை, மாசி நல்ல காலம். சித்திரை தொடங்கி ஆவணி வரை நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சீசன். படகோட்டுபவர்கள், புறாத்தீவுக்குச் சுழியோடக் கூட்டிப்போகிறவர்கள் அந்த மாதங்களில் குத்திவிட்டுத் தண்ணீரில் இறங்காமல் இருப்பது நடக்காத காரியம். கோயில் திருவிழாவையும் பாருங்கள். காவடியோ அங்கப்பிரதட்சிணையோ நேர்ந்திருப்பவர், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் முதுகில் கைவைக்கக்கூடாது. சேர்ட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர்கள் புதுக் காயத்தின் மேல் விபூதியும் சந்தனமும் படாமல் பார்க்கவேண்டும்.

குத்தும் நாளுக்கு: அதற்கு முந்திய நாளிலிருந்தே மது இல்லை. ஏழு எட்டு மணி நேர நித்திரை. போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு சோறோ இடியப்பமோ வயிறாரச் சாப்பாடு. ஒரு போத்தல் தண்ணீர், ஒரு இளநீர், இனிப்பு பிஸ்கட். மயிரை வீட்டில் மழிக்காதீர்கள், பழைய பிளேட் கீறிய இடமெல்லாம் கிருமிக்கு வாசல். அதை ஸ்டூடியோவில் புது ரேசரால் செய்வார்கள். ஊசிக் கார்ட்ரிட்ஜின் பாக்கெட்டைக் கண்முன்னால் உடைத்து எடுக்கச் சொல்லுங்கள். மைக்கும் ஊசி கழுவுவதற்கும் என்ன தண்ணீர் என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். காரணம் பருக்கள் பற்றிய பகுதியில்.

குத்திக்கொண்டிருக்கும்போது கண் இருட்டுகிறது, குளிர்ந்து வியர்க்கிறது

வெட்கப்படாமல் நிறுத்தச் சொல்லுங்கள். படுத்து, காலை உயர்த்தி, சீனி போட்ட தேசிக்காய்த் தண்ணீர் குடித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளியும். ஒரே அமர்வில் ஐந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் இழுப்பதில் யாருக்கும் லாபமில்லை. களைத்த உடம்பில் தோல் வீங்கத் தொடங்கும், வீங்கிய தோல் மையைத் துப்பும். லைன் (கோடு) ஒரு நாள், ஷேடிங் (நிழல் தீட்டுவது) ஒரு நாள், கலர் ஒரு நாள் என்று பிரித்து, ஒரே இடத்தில் மறுபடி குத்த மூன்று நாலு கிழமை இடைவெளி விடுங்கள்.

முதல் மூன்று நாள்: நீர் வடிகிறது, மை கலந்து வருகிறது

டாட்டூ கரைந்து போகிறதோ என்று பலர் பயப்படுவது இதைக் கண்டுதான். அப்படி எதுவும் இல்லை. வடிவது இரத்தத்தின் மஞ்சள் நீரும், மேலே மிஞ்சிய மையும். அதைக் கழுவாமல் விட்டால் காய்ந்து தடித்த பொருக்காகும், பொருக்கு விழும்போது உள்ளிருக்கும் மையையும் இழுத்துக்கொண்டு போகும்.

பொலித்தீன் சுற்றி அனுப்பியிருந்தால் இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். கொழும்பில் குத்திவிட்டு இரவு பஸ்ஸில் திரும்புகிறவர்கள் அதை விடியும்வரை வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. அது பிழை. புறப்படும் முன் கழுவித் துடைத்து, வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றைச் சீட்டில் விரித்துக்கொண்டு வாருங்கள்.

கழுவும் முறை: முதலில் கை இரண்டையும் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். பிறகு கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறவிட்ட தண்ணீர். கிணற்றுத் தண்ணீர்தான் வீட்டில் என்றால் முதல் கிழமைக்காவது இதை விடாதீர்கள். வாசனையில்லாத பேபி சவர்க்காரத்தைக் கையில் நுரைக்கவைத்து, விரல் நுனியால் வழுக்கலாக இருக்கும் அந்தப் படலம் போகும்வரை மெதுவாகத் தேயுங்கள். கடினநீரில் நுரை எழாது, சவர்க்காரமும் தோலில் தங்கி அரிக்கும். அதனால் இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றி அலசவேண்டும். ஸ்பஞ்சும் பீர்க்கங்கூடும் கிட்ட வரக்கூடாது. துவாயும் வேண்டாம், கிச்சன் ரிஷூவால் ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் காற்றில் விடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. நன்றாக வியர்த்த நாளில் மூன்று.

ஆறுவதற்குப் பூசும் கிறீமின் அளவுதான் எல்லோரும் பிழைவிடும் இடம். சுட்டுவிரலின் மேல் மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்கள் சேர்த்த இரண்டு கை அளவு தோலுக்கு அது போதும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையான டாட்டூவுக்கு இந்தக் கணக்கில் 30 கிராம் ட்யூப் ஒன்று, நாளுக்கு மூன்று தடவை பூசினாலும் இரண்டு கிழமை அளவுக்கு வரும். நாலு நாளில் முடிந்துவிட்டதென்றால் அப்பிக்கொண்டிருக்கிறீர்கள். முழு முதுகுக்கு ஒரு தடவைக்கே மூன்று, மூன்றரை கிராம் பிடிக்கும், ஆகவே முன்கூட்டி நாலைந்து ட்யூப் வாங்கி வைக்கவேண்டும், எட்டாத இடத்துக்குக் கை கழுவிய இன்னொருவரும் வேண்டும். பூசி ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தோல் மினுங்கக்கூடாது. மினுங்கினால் ரிஷூவால் ஒற்றி எடுங்கள்.

உடுப்போ பெட்சீட்டோ ஒட்டிக்கொண்டது

இழுக்காதீர்கள். துணியோடு சேர்த்து வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊறவிட்டால் தானாகக் கழரும். பழைய பருத்திச் சாரம் ஒன்றை விரித்துப் படுங்கள், தினமும் மாற்றுங்கள். பூனையோ நாயோ ஏறும் கட்டிலில் படுப்பதைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடவேண்டும். நுளம்புக்கு வலை போடுங்கள், நுளம்புக் கிறீமை டாட்டூவில் பூசவேண்டாம்.

ஒட்டிய ஃபிலிமுக்குள் கறுப்புத் தண்ணீர் சேர்கிறது

செகண்ட் ஸ்கின் என்று ஒட்டி அனுப்பும் மெல்லிய ஃபிலிமுக்குள் முதல் நாள் கறுப்புத் திரவம் தேங்குவது வழமை. அது ஓரத்தைத் தாண்டிக் கசிந்தால் கதை வேறு: திரவம் வெளியே போன வழியால் கிருமியும் வியர்வையும் உள்ளே வரும். மேலே இன்னொரு துண்டு ஒட்டி அடைப்பது பயனில்லை. முழுவதையும் எடுத்து, கழுவி, காயவைத்து, புதிதாக ஒட்டுங்கள், அல்லது ஃபிலிமையே விட்டுவிட்டுக் கழுவும் முறைக்கு வாருங்கள்.

பாக்கெட்டில் ஐந்து ஆறு நாள் வைக்கலாம் என்று போட்டிருக்கும். ஏசி அறையில் வேலை செய்பவருக்கு அது சரி. வெயிலில் நின்று வேலை செய்பவருக்கு முதல் ஃபிலிம் 24 மணி நேரம், இரண்டாவது கூடிப்போனால் மூன்று நாள். முதுகு, தொடை போன்ற வியர்க்கும் இடங்களுக்கு ஃபிலிமே வேண்டாம் என்பதுதான் எங்கள் பக்கம். எடுக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீருக்குக் கீழ் பிடித்து, மேலே இழுக்காமல் தோலோடு சேர்த்துப் பக்கவாட்டில் இழுத்தால் நோகாமல் வரும்.

ஃபிலிம் ஒட்டிய சதுரத்தின் வடிவிலேயே தோல் தடித்துக் கடித்தால் பசைக்கு ஒவ்வாமை. உடனே எடுங்கள், இனி ஒட்டவேண்டாம்.

கால் டாட்டூ: பாதம் வீங்கி மிதக்கிறது

முழங்காலுக்குக் கீழே குத்தினால் இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், கடையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கூடுதலாக. காலை இதயத்தை விட உயரமாகத் தலையணியில் வைத்து, நாளுக்கு மூன்று நாலு தடவை இருபது நிமிடம் படுங்கள். இரண்டு மூன்று நாளில் வடியத் தொடங்கி, ஐந்தாம் நாளளவில் அடங்கவேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் கல்லாகி நோவது இந்த வீக்கமல்ல, மேலே சொன்ன அவசரப் பட்டியலில் உள்ளது.

சிவப்பு அடங்கவில்லை

கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலை விடக் கருமையாக, ஊதா கலந்த பழுப்பாகத் தெரியும், சிலவேளை நிறமே மாறாது. எனவே கண்ணை நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். டாட்டூவின் ஓரத்துத் தோலையும் மறு கையில் அதே இடத்தையும் மாறி மாறித் தொட்டால் சூட்டு வித்தியாசம் தெரியும். அழுத்தினால் நோகிறதா, தோல் இறுகி மினுங்குகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு போல்பொயின்ட் பேனையால் அந்த மாற்றத்தின் வெளி ஓரத்தை, நல்ல தோலின் மேல், சுற்றிக் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கால் பாருங்கள். கோட்டுக்குள்ளே சுருங்கினால் பயமில்லை, கழுவுவதைத் தொடருங்கள். கோட்டைத் தாண்டினால் அன்றே டொக்டரிடம் போங்கள், அடுத்த நாள் வரை வைக்கவேண்டாம்.

இந்த இடத்தில் இரண்டு பழக்கம் கெடுதல் செய்கிறது. ஒன்று, பாமசியில் இரண்டு மூன்று அன்டிபயோட்டிக் வில்லைகளை உதிரியாக வாங்கிப் போடுவது. அரைகுறையாகப் போட்டால் கிருமி சாகாது, அடுத்த மருந்துக்கும் மசியாமல் போகும். மற்றது, அரிப்புக்கும் சிவப்புக்கும் வீட்டிலிருக்கும் பெட்னோவேட் மாதிரி ஸ்டீரொயிட் கிறீமைப் பூசுவது. சிவப்பு ஒரு நாள் மறையும், உள்ளே தொற்று வளரும். டொக்டர் எழுதாமல் அதைத் திறக்கவே வேண்டாம்.

காய்ச்சல் வருகிறது

குத்திய இரவில் உடம்பு நொந்து, லேசாகக் கணகணத்து, விடியும்போது போய்விடும் காய்ச்சல் பெரிய அமர்வுகளுக்குப் பிறகு வருவதுதான். அடுத்த நாளும் நின்றால் டாட்டூவை மட்டும் சந்தேகப்படாதீர்கள். மழைக்காலத் திருகோணமலையில் டெங்குவும் அதே வாசலால் வரும். அதனால் டாட்டூ நோவுக்கு இபுபுரூஃபன், டைக்லோஃபெனக், டிஸ்பிரின் எதுவும் எடுக்காமல் பனடோலோடு மட்டும் நிற்பது புத்தி. டெங்கு என்றால் மற்றவை இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பெரியவருக்கு 500 மில்லிகிராம் பனடோல் ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டாமல். ஈரல் நோய் உள்ளவர், உடல் எடை குறைந்தவர், தினமும் குடிப்பவர் டொக்டரைக் கேட்டு அளவைக் குறைக்கவேண்டும். காய்ச்சல் இரண்டாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

சிறு பருக்கள் எழும்புகின்றன

எங்கே, எப்போது, எந்த மாதிரி என்று மூன்றையும் பார்த்தால் காரணம் பிடிபடும்.

டாட்டூவிலும் டாட்டூ இல்லாத கழுத்து, இடுப்பு மடிப்புகளிலும் ஒரே மாதிரிக் குத்திக் கடிக்கும் பொடிப் பொடிப் பருக்கள் என்றால் வியர்க்குரு. கிறீமை ஒரு நாள் முழுதாக நிறுத்துங்கள். குளித்து, காற்றுப்பட இருங்கள். பவுடர் கொட்டவேண்டாம், புதுக்காயத்தில் அது சேறாகிவிடும்.

மயிர்க்காலை நடுவில் வைத்து வெள்ளைத் தலையோடு எழுந்தால் கிறீமும் வியர்வையும் சேர்ந்து துவாரத்தை அடைத்திருக்கிறது, அல்லது மழித்த மயிர் திரும்ப முளைக்கிறது. பிதுக்கக்கூடாது. கிறீமை நாளுக்கு ஒரு தடவையாகக் குறையுங்கள், வாசலினிலிருந்து தண்ணீர்த்தன்மையுள்ள லோஷனுக்கு மாறுங்கள். மூன்று நாளில் குறையாவிட்டால் காட்டவேண்டும்.

டாட்டூ நன்றாக ஆறிக்கொண்டு வந்து, ஒன்று முதல் மூன்று கிழமை கழித்து, சாம்பல் ஷேடிங் இருக்கும் இடத்தில் மட்டும் கடினமான சிவந்த முடிச்சுகள் எழுந்தால், அதுதான் கவனிக்கவேண்டியது. மையை ஐதாக்கச் சேர்த்த தண்ணீரில் மைக்கோபக்டீரியம் வகைக் கிருமி இருந்திருக்கலாம். 2011 கடைசியில் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் ஒரே சாம்பல் மையால் பத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படி வந்தது. அங்கே மை போத்தலிலேயே பிழை. தொழிற்சாலையில் ஐதாக்கிய மையிலேயே வரும் என்றால், குழாய்த் தண்ணீர் கலப்பவரிடம் சொல்லவே வேண்டாம். வழமையான அன்டிபயோட்டிக் இதற்குக் கேட்காது. தோல் வைத்திய நிபுணர் சதைத்துண்டு எடுத்துப் பரிசோதித்து, மாதக்கணக்கில் மருந்து தரவேண்டி வரும். ‘டாட்டூவின் சாம்பல் பகுதியில் மட்டும்’ என்ற விபரத்தை டொக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள், அவரைச் சரியான பக்கம் திருப்புவது அதுதான்.

கடலில் இறங்கிவிட்டேன்

மூன்று நாலு கிழமைக்கு, அதாவது உரிந்து முடிந்து பொருக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகும்வரை, கடல், களப்பு, குளம், ஹோட்டல் நீச்சல்தடாகம் எதுவும் இல்லை. உப்புத்தண்ணீர் காயத்தை ஆற்றும் என்பது பாட்டி கொதிக்கவைத்த உப்புத்தண்ணீருக்குப் பொருந்தலாம், கடலுக்குப் பொருந்தாது. இளஞ்சூடான, உப்புக் குறைந்த கடல்நீரை விரும்பும் விப்ரியோ என்ற கிருமி இருக்கிறது. ஆறு கடலோடு கலக்கும் இடம் அதற்கு வாய்ப்பானது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக்குடாப் பக்கம் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். ஈரல் நோய் உள்ள ஒருவர் குத்தி ஐந்தாம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் நீந்தி, இந்தக் கிருமியால் இறந்ததை 2017இல் மருத்துவ சஞ்சிகை ஒன்று பதிவுசெய்தது. நல்ல ஆரோக்கியமுள்ளவர்களுக்கு அந்த அளவுக்குப் போவது அரிது. ஈரல் கெட்டவர், நீரிழிவுள்ளவர், தினமும் சாராயம் எடுப்பவர் விளையாடக்கூடாது.

இறங்கிவிட்டால்: உடனே நல்ல தண்ணீராலும் சவர்க்காரத்தாலும் கழுவிக் காயவையுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் கூர்ந்து பாருங்கள். கடும் வலி, காய்ச்சல், ஊதாக் கொப்புளம் என்றால் ஒரு மணி நேரத்தையும் வீணாக்கவேண்டாம்.

கடற்றொழிலுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீரில் இறங்காவிட்டாலும் சாரல் அடிக்கும், மீன்முள் கீறும், ஐஸ்பெட்டித் தண்ணீர் வழியும். முன்கையில் குத்துவதாக இருந்தால் மூன்று கிழமை கரையில் இருக்கக்கூடிய காலத்தைப் பாருங்கள். கையுறையும் நீளக் கைச் சட்டையும் உள்ளே வியர்வையைத் தேக்கும், அது தீர்வல்ல. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் மொண்டு ஊற்றுவதும் அந்த ஒரு மாதத்துக்கு வேண்டாம்.

மஞ்சள், வேப்பிலை, தேங்காய் எண்ணெய் பூசிவிட்டார்கள்

சண்டை பிடிக்காமல் கழுவிவிடுங்கள். மஞ்சளும் அரைத்த வேப்பிலையும் கொதிக்காத பச்சைப் பொருட்கள், திறந்த காயத்துக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் இந்த வெக்கையில் துவாரத்தை அடைக்கும். தோல் மூடிய பிறகு, ஒரு மாதம் கழித்து, ஆசைக்குப் பூசலாம். டெட்டோல், ஸ்பிரிட், சித்தாலேப எதுவும் கூடாது. எரிவதெல்லாம் கிருமியைக் கொல்வதல்ல, புதுத்தோலையும் எரிக்கும்.

அரிப்புத் தாங்கமுடியவில்லை

4ஆம் நாளிலிருந்து இரண்டு கிழமை வரை அரிக்கும். சொறிய வேண்டாம், தட்டவும் வேண்டாம் (தட்டினால் பரவாயில்லை என்று சொல்வார்கள், பொருக்கு தட்டினாலும் கழரும்). சுத்தமான துணியில் குளிர்ந்த தண்ணீர் நனைத்துப் பிழிந்து ஐந்து நிமிடம் வைத்தால் அடங்கும். இரவில் நித்திரை வராவிட்டால் செட்டிரிசின் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. பிரிட்டோன் (Piriton) 4 மில்லிகிராமும் வேலை செய்யும், ஆனால் தூக்கம் அதிகம், போட்டபின் மோட்டார்சைக்கிள் எடுக்காதீர்கள்.

உரிகிறது, கலரோடு வருகிறது. பிறகு மங்கலாகத் தெரிகிறது

வெங்காயச் சருகு போல மெல்லிய, நிறமுள்ள தோல் உதிரும். போவது மேல்தோலில் நின்ற மை, உங்கள் டாட்டூ அதற்குக் கீழே இருக்கிறது. பாதி தொங்கும் தோலையும் பிடுங்கவேண்டாம். உரிந்து முடிந்ததும் பால்படர்ந்த மாதிரி மங்கலாக இருக்கும். நாலு முதல் ஆறு கிழமையில் தெளியும். அதுவரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மெல்லிய சருகுக்குப் பதில் தடித்த, ஈரமான, வெடிக்கும் பொருக்கு வந்திருந்தால், ஒன்று ஊசி கூடுதலாக ஆழ இறங்கியிருக்கிறது, இல்லை கிறீமில் ஊறியிருக்கிறது. ஊறிய பொருக்கு பொதுபொதுத்துத் துணியில் ஒட்டிப் பிய்யும். ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் எதுவும் பூசாமல் கழுவிக் காற்றில் விடுங்கள். காய்ந்து இறுகியதும் பழைய அளவில் பாதி கிறீமோடு திரும்பத் தொடங்கலாம்.

கோட்டைச் சுற்றி நீலமாகப் பரவியிருக்கிறது

இரண்டு கிழமைக்குள் பச்சையாகி மஞ்சளாகி மறைந்தால் கன்றிய காயம். அப்படியே நின்றால் ப்ளோ-அவுட்: ஊசி ஆழம் போய், மை கொழுப்புப் படைக்குள் கசிந்துவிட்டது. கிறீம் எதற்கும் அது அசையாது. ஷேடிங்கால் மூடுவதோ லேசரோதான் வழி.

மாதங்கள் கழித்துச் சிவப்பு மட்டும் தடித்துக் கடிக்கிறது

மற்ற நிறங்கள் அமைதியாக இருக்க, சிவப்பு மை உள்ள இடம் மட்டும் மேடாகி அரித்தால் மைக்கு ஒவ்வாமை. சிவப்பு இதற்குப் பேர்போனது. தானாக லேசர் செய்யப் போகாதீர்கள், உடைந்த மை உடம்பெங்கும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும். தோல் வைத்திய நிபுணரைப் பாருங்கள். புழுக்கமான நாளில் கோடுகள் சற்றே மேடாகி, அன்றே அடங்கினால் அது நோயல்ல.

ஆங்காங்கே வெளிறிய இடைவெளிகள்

ஆறு முதல் எட்டுக் கிழமை கழியாமல் டச்-அப் கேட்கவேண்டாம். ஆறாத தோலில் திரும்பக் குத்தினால் தழும்புதான் மிஞ்சும். அதுவரை வெயிலுக்குத் துணியால் மூடுங்கள், சன்ஸ்கிறீம் முழுதாக ஆறிய பிறகுதான், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல். டச்-அப்புக்குப் போகும்போது முதல் நாளிலிருந்து எடுத்த படங்களையும் கொண்டுபோங்கள். மை எடுபடாமல் போனதா, பொருக்கோடு பிய்ந்து போனதா என்று ஆர்ட்டிஸ்ட்டுக்கு அதில் தெரியும், ஊசியின் ஆழத்தையும் அதற்கேற்ப மாற்றுவார்.